வெத்துச் செக்கு வள்ளல்

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. நீங்க பெரிய வள்ளலாயிட்டீங்கன்னு ஊரே பேசுதுங்க. பாரியாவது முல்லைக்கொடிக்குத் தேரைக் குடுத்தான். நீங்க லோன் ஏஜென்ட்டுக்குத் தொகை எழுதாத செக்கு மூணுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போட்டீங்களாமா! அந்தக் கொடி இனி எங்கெங்க படருதோ பார்க்கலாமுங்க.

உங்க கையெழுத்தைத் திருடன் அவனாப் போட்டிருந்தாத் தப்பிச்சிருப்பீங்க. கள்ளக் கையெழுத்துச் செக்குக்குப் பணம் குடுத்தா நட்டம் பேங்க்குக்குத்தான்னு 1987லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அந்தச் சிரமத்தைத்தான் நீங்க அவனுக்கு வெக்கலியே! நீங்களா இஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த வெத்துச் செக்குல எதிராளி தொகையை எழுதிக்கிட்டாலும் செல்லும், அப்படியொரு கடன் இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கோணும்னு 2019ல தீர்ப்பு. சட்டம் என்னமோ வெள்ளைக்காரன் 1881ல போட்டது. அப்பவே உங்களை மனசுல வெச்சிருந்திருப்பான் போலிருக்குது.

பேனாவும் அந்தத் தம்பியே நீட்டுனாப்லயா? அப்படிப் போடுங்க! சூடு பட்டா மறையற மசி ஒண்ணு இருக்குதுங்க. கேன்சல் செக்கு வேணும்னு கேட்டு, குறுக்கால 'கேன்சல்'னு அந்த மசிப் பேனாவுல எழுதுவான், கையெழுத்துக்கு மட்டும் நல்ல பேனாவைக் குடுப்பான். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் சூடு காட்டுனான்னா, கேன்சல் காணாமப் போயிரும், உங்க கையெழுத்து மட்டும் கம்பீரமா நிக்கும். கேன்சல் செக்குக்குக் கையெழுத்தே வேண்டாமுங்க. ஆனா கையெழுத்துப் போடறதுல உங்களுக்கு இருக்கற ஆசை கலெக்டருக்கே இருக்காதே.

எழுதறதும் தாராளந்தான். 'எட்டாயிரம்'னு எழுதி, முன்னால ரெண்டு விரக்கடை சும்மா உடறீங்க. அங்க 'தொண்ணூற்று' வந்து சப்பணம் போட்டு உக்காந்துக்கும், எட்டுக்கு முன்னால ஒரு ஒம்பதும் ஏறிக்கும். திருத்துனது கண்ணுக்குத் தெரியாம இருந்து, பேங்க்காரங்க நல்லபடியாப் பாத்துப் பணத்தைக் குடுத்துட்டாங்கன்னா, சட்டம் அவிங்க பக்கமுங்க. ஓரத்தை ஒட்டி ஆரம்பிச்சு, 'மட்டும்'னு முடிச்சு, மிச்ச எடத்துல ஒரு கோட்டை இழுங்க. 'கொண்டு வருபவருக்கு'ங்கறதை அடிச்சுட்டு, மூலையில ரெண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ'ன்னு எழுதறதுக்குக் காசா கேக்கறாங்க?

50,000 ரூவாயும் அதுக்கு மேலயும் போற செக்குன்னா, யாருக்கு, எத்தனை, என்ன தேதின்னு பேங்க்குக்கு முன்கூட்டியே சொல்லிரலாம். 2021 ஜனவரியில வந்த ஏற்பாடு, பாசிட்டிவ் பேன்னு பேரு. நாம சொன்னதும் செக்குல இருக்கறதும் ஒத்துப்போகலைன்னா மாட்டிக்கும்.

முந்தியெல்லாம் செக்கு பாஸாக ஒரு நா, ரெண்டு நா ஆகும். ஓடிப்போய் நிறுத்திக்கலாம். 2025 அக்டோபர் 4லிருந்து காத்தால போட்டாப் பொழுதுக்குள்ள பணம் போயிருதுங்க.

சரி, அந்த மூணு செக்கு நம்பரு என்னங்க? செக்குப் புஸ்தகத்துல குறிச்சு வெக்கற தாளைக் காட்டுங்க பாக்கலாம்... இதென்ன, பால் கணக்கு! போச்சாது போங்க. மிச்சமிருக்கற தாளுக நம்பரைப் பாத்தா, நடுவுல எது போச்சுன்னு தெரிஞ்சிரும். வண்டியை எடுங்க, பேங்க் சாத்தறதுக்குள்ள ஸ்டாப் பேமென்ட் எழுதிக் குடுத்துட்டு வந்தரலாம். அதுல கையெழுத்துப் போடோணும், ஆசை தீரப் போட்டுக்குங்க.