கெளம்பு பேரா, கணக்கை மட்டும் வெச்சுட்டுப் போ

வாடா பேரா, குந்து. மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்லயே போறியாமே? அறுநூறு கிலோமீட்டராம், நாலே நாளாம், ஏழைப் பிள்ளைங்க படிப்புக்கு நிதி திரட்டுறியாம். ஊரே பேசிக்குது. தெருமுனையில போய்ப் பால் வாங்கிட்டு வாடான்னா பைக் சாவியைத் தேடுற பிள்ளை நீ. எனக்குப் பெருமை தாங்கல.

ஏற்பாட்டையெல்லாம் பார்த்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாது. சட்டை தச்சாச்சு, முதுகுல உன் பேரு, நெஞ்சுல நகைக்கடை பேரு. போஸ்டர் அடிச்சாச்சு. கொடியசைக்க வர்ற பெரிய மனுசனுக்குச் சால்வை வாங்கியாச்சு. டிரோன்ல படம் பிடிக்கிற பையனுக்கு முன்பணமும் குடுத்தாச்சு. பணம் யாருக்குன்னுதான் இன்னும் முடிவு பண்ணலையாம். அதுக்கென்ன அவசரம், கன்னியாகுமரி போறதுக்குள்ள எவனாச்சும் ஒரு ஏழை ஆப்படாமலா போயிடுவான்?

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தப்ப நீ டவுசர் போட்ட பொடியன். தேவனாம்பட்டினம் தொடங்கி நாகப்பட்டினம் தாண்டியும் கடலோரம் அழிஞ்சு கெடந்துது. நல்ல மனசுக்காரங்க லாரி லாரியா பழந்துணி அனுப்புனாங்க. படகும் வலையும் பறிகுடுத்தவன் கிழிஞ்ச சுடிதாரையும் குளிர்தேசத்துக் கோட்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? ரோட்டோரம் குமிஞ்சு கெடந்து நனைஞ்சு நாறுச்சு. அனுப்புனவங்களுக்கு மட்டும் அன்னிக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்திருக்கும்.

அதனால டயருக்குக் காத்தடிக்கிறதுக்கு முன்னாடி, வாங்கிக்கப் போறவங்க வாசல்ல போயி நில்லு. என்ன வேணும்னு கேளு. நோட்டுப் புத்தகம் கெடக்கட்டும், பொம்பளைப் பிள்ளைங்க கக்கூஸுக்குத் தண்ணி வரல, அதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. உனக்குத்தான் சங்கடம். நோட்டு குடுக்குறது போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். கக்கூஸ் தொட்டி பக்கத்துல நின்னா அவ்வளவு நல்லா விழாது.

இலங்கையில 2011ல ஒரு கூட்டம் இந்த வேலையைத் தலைகீழா பண்ணிட்டாங்க, பாவம். தெல்லிப்பழையில புத்துநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டாங்க, அப்புறந்தான் செருப்பை மாட்டுனாங்க. தீவோட தெற்கு முனைக்கும் வடக்கே பருத்தித்துறைக்கும் நடுவுல 670 கிலோமீட்டர், நடந்தே. உள்நாட்டுப் போர் முடிஞ்சு ரெண்டு வருசம்தான் ஆகியிருந்துது. எங்க போவுது காசுன்னு தெரிஞ்சதால ஜனங்க மனசாரக் குடுத்தாங்க.

இப்ப கணக்குக்கு வருவம். கூட்டுறவுச் சங்கத்துல பேரேடு எழுதுன கை இது, அரிக்குது. சட்டை, டிரோன், லாட்ஜு, பின்னால வர்ற காருக்கு டீசல், இதெல்லாம் உன் சம்பளத்துல. உண்டியல்ல விழுந்தது அப்படியே பிள்ளைங்களுக்குப் போவணும். ரெண்டும் ஒரே பையில கலந்துதுன்னா நீ தர்மத்துக்குப் போனவன் இல்ல, ஊர்க் காசுல டூர் போனவன். ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமா குடுத்தா நன்கொடைக்கு வரிக்கழிவு கெடையாது, பேங்க் வழியா போடச் சொல்லு, பணம் போய்ச் சேரப் போற அமைப்பு பேர்லயே போடச் சொல்லு. உன் போன் நம்பருக்கு ஒரு பைசா வரக்கூடாது. அப்புறம் உன் சிங்கப்பூர் மாமன், அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிட்டான் இல்ல, அவன் குடுக்குறது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல, அதான் எஃப்.சி.ஆர்.ஏ.வுல, பதிவு இல்லாதவங்க அதைத் தொடக்கூடாது. துபாய்ல இந்தியப் பாஸ்போர்ட்டோட கெடக்குறானே சித்தப்பன், அவனுக்கு அந்தச் சிக்கல் இல்ல. அவன் குடுக்க மாட்டான், அது வேற.

ஒரு நாளைக்கு நூத்தி அம்பது கிலோமீட்டர்னு எழுதி வெச்சிருக்க. எழுதுறதுக்கு முட்டி வலிக்காது. இதுவரைக்கும் நீ மிதிச்ச பெரிய தூரம் சில்வர் பீச்சு; வர்றப்ப மழைன்னு சொல்லி சைக்கிளை மினி லாரியில ஏத்திக்கிட்டு வந்த. தில்லைக்கு நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரே நந்தனார், அவரை மறிச்சது பொறப்பைச் சொல்லி ஊர் போட்ட வேலி. அடுத்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்து பயிற்சி, அடுத்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்து பயிற்சின்னு சொல்ற உன்னை மறிக்கிறது எந்த மகராசன்?

பயிற்சின்னா வெள்ளனமே எந்திரிச்சு பண்ருட்டி வழியா வடலூர் போயிட்டு வா. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் தருமசாலையில பத்த வெச்ச அன்னதான அடுப்பு அங்க இன்னும் அணையல. அந்தச் சாலைக்குப் பார்வதிபுரத்து ஜனங்க எண்பது காணி நெலத்தை எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தரும் அதுக்காகச் சட்டை தச்சுக்கல. பந்தியில உக்காந்து சாப்புடு. அரிசி குடுத்தவன் பேரு சோத்துல எழுதியிருக்கான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.

எப்பப் போறதுன்னு கேக்குறியா? ஐப்பசி கார்த்திகையில போனா கடலூரைத் தாண்ட உனக்குப் பரிசல் வேணும். 2015 வெள்ளத்தை நீயே பாத்த. ஆடியில போனா தெக்க மேல்காத்து உன்னைத் திருப்பி ராமநாதபுரத்துலயே கொண்டாந்து விட்டுடும். தை மாசம் போ, வாடை முதுகைத் தள்ளும். ஆனா அப்பத்தான் நெல்லிக்குப்பம் ஆலையில அரவை நடக்கும். கரும்பு டிராக்டருக்குப் பின்னால வெளக்கு இருக்காது, ரெண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கிட்டு வரும், இருட்டுல அவன் உனக்குத் தெரியமாட்டான், நீயும் அவனுக்குத் தெரியமாட்ட. பொழுது சாஞ்சா எறங்கிடு. கொள்ளிடம் தாண்டுனா ரோட்டுலயே நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. வைக்கோலு உன் கியரு பல்லுல சுத்திக்கிச்சுன்னா அரை மணி நேரம் கத்தியை வெச்சு அறுத்துக்கிட்டு கெடப்ப.

அறுபதாயிர ரூபா சைக்கிளு. ஆனா அதுல ஊசி மூக்கு வால்வு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் சீமைக்கருவேல முள்ளு ஏறி, பஞ்சர் கடைக்காரர் ஒட்டிட்டுப் பம்பை எடுப்பாரு. பம்பு வாய் உன் வால்வுல நிக்காது. அவரு உன்னைப் பாப்பாரு, நீ அவரைப் பாப்ப. அதுக்கு மாட்டுற ஒரு சின்னப் பித்தளை மூடி இருக்கு, விலை ரொம்பக் கொறைச்சல். ரெண்டு வாங்கிப் பையில போடு.

நாங்க கரும்பு வித்த காசுலதான் சைக்கிள் வாங்குனம். 1842ல நெல்லிக்குப்பத்துல ஆலை வெச்ச பாரி கம்பெனி 1981ல முருகப்பா வீட்டுக் கைக்குப் போச்சு. ஹெர்குலிஸ் பண்ற அம்பத்தூர் சைக்கிள் கம்பெனியும் 1949லேர்ந்து அந்த வீட்டுதுதான். ஒரு கையால குடுத்து இன்னொரு கையால வாங்கிக்கிட்டாங்க, நாம நடுவுல மிதிச்சுக்கிட்டிருந்தம். சரி, அது நம்ம கதை.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாத. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி நூறு பேரோட திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கெளம்புனாரு. ஒரு நாளைக்குப் பத்து மைல் கணக்கு, ராத்திரி எங்க தங்குறதுங்கிறதெல்லாம் முன்கூட்டியே முடிவு. சோறு போட்டா செயிலுன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டாரு. ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சோத்துப் பொட்டலத்தை மரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி போயிட்டாங்க. எதுக்குப் போறாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. உனக்கு எந்த மரத்துல என்ன தொங்குதுன்னு நானும் பாக்குறன்.

என் பங்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபா, எழுதிக்க. மீட்டரைக் காட்டணும். பின்னால வர்ற கார்ல சைக்கிளை ஏத்திக்கிட்டுப் போன தூரத்தைக் கழிச்சுப்பன். ஆயாகிட்ட உண்டியலை நீட்டாத, பத்து ரூபா போட்டுட்டு பத்து வருசம் கணக்குக் கேக்கும். ரசீதுப் புத்தகத்தை எடு, மொத ரசீது என் பேர்ல கிழி. பணம் நீ திரும்பி வந்தப்புறம்.