சாக்பீஸ் டப்பாவும் சோழர் குடமும்: கடைசி பெஞ்சிலிருந்து ஓர் ஆய்வு

“யார் சொல்றீங்க?” என்று ஆசிரியர் கேட்ட மறுநொடி நாற்பது தலைகள் ஒருசேரக் குனிவதையும், சரியாக அந்நேரம் பார்த்துப் பேனாக்கள் தரையில் விழுவதையும் அறிஞர் உலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. மீஞ்சூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு இதை நான் கவனித்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி கடக்கும் சத்தத்தில் வெறுமனே வாயசைத்துப் பதில் சொல்லிவிடும் கலை தனி நூலுக்குரியது, இங்கே விரிக்கவில்லை.

கை தூக்குகிறவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் முதல் பெஞ்ச் மட்டும்தான் படிக்கும். அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தற்செயலிடம் விட்டார்கள். அதற்கான முறைகளில் செலவே இல்லாதது தேதி. இன்று 14 என்றால் 14-ஆம் எண் எழ வேண்டும். ஓட்டை பெரிது. நாற்பது பேர் வகுப்பில் 32 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு எந்த மாதத்திலும் நாள் வராது. எங்கள் வருகைப் பதிவேடு ஆங்கில அகரவரிசையில் இருந்ததால், விஜய், யுவராஜ் என்று பெயர் வைத்த பெற்றோர் பிள்ளைக்கு வருஷம் முழுக்கக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்பது பெறப்படும். 31-க்கு ஆண்டில் ஏழே நாள், அதிலும் மே மாதம் விடுமுறை. 15-க்கு ஆகஸ்டில் கொடியேற்றமும் மிட்டாயும், கேள்வி கிடையாது. 12-ஆம் எண்காரன்தான் பாவம், மாதம் தவறாமல் மாட்டினான்.

என் எண் 38.

அடுத்தது சீட்டு: பெயர்களை எழுதி சாக்பீஸ் டப்பாவில் போட்டு ஒன்றை எடுப்பது. மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்று பெயர் உண்டு. ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இங்கும் கோயில் கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு காஞ்சிப் பக்கத்து உத்திரமேரூரின் குடவோலையும் வந்து எங்கள் சாக்பீஸ் டப்பாவில் குடியேறியது என்பது என் துணிபு. சான்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சி மனம் போதாது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடத்தில் ஓலை எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேரும் விதிகளை வரிவரியாகச் சொல்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டங்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. எந்த ஓலை யாருடையது என்று அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். ஏதென்ஸில் இதே வேலைக்குக் கல்லில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்குக் குடமும் பையனும் போதும்.

அந்த மூன்றாண்டு விதியில்தான் சோழர்களின் கூர்மை தெரிகிறது. எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடுவதா, கூடாதா? போடாவிட்டால், ஒருமுறை பதில் சொன்னவன் அன்று மாலைவரை தூங்கலாம். போட்டால், நாற்பது சீட்டில் நாற்பது முறை எடுத்தாலும் ஒருதரம்கூட மாட்டாமல் தப்புகிறவர்கள் சராசரியாகப் பதினான்கு, பதினைந்து பேர். நாற்பதில் முப்பத்தொன்பது என்ற பின்னத்தை நாற்பது முறை பெருக்கிப் பாருங்கள், 0.36 வரும். கணக்கு ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்வதில்லை. காரணம் வெளிப்படை.

ஸ்மார்ட் போர்டில் பெயர்ச் சக்கரம் சுற்றுவது இக்காலத்து வழக்கம். சக்கரம் வேகம் குறைந்து நம் பெயரைத் தாண்டுமா தாண்டாதா என்று துடிக்கும் அந்த மூன்று நொடி தவிர அதில் புதுமை ஏதுமில்லை.

எங்கள் மிஸ் எடுத்த சீட்டில் எப்போதும் பேசிக்கொண்டிருந்தவன் பெயரே வந்தது. நீண்ட நாள் யோசித்துக் காரணம் கண்டேன்: எடுப்பதும் அவர், பிரிப்பதும் அவர், படிப்பதும் அவர், மடித்து உள்ளே போடுவதும் அவர். பிறகு வந்த சார் சீட்டையே ஒழித்துத் தேதியோடு மாதத்தைக் கூட்டினார். மிகச் சிறிய கூட்டுத்தொகை ஜனவரி 1-க்கு வரும் 2. ஆக, 1-ஆம் எண்காரன் நிரந்தர விடுதலை பெற்றான். எனக்கு ஜூலை 31-இல் விடிந்தது. கேள்வி, குடவோலை முறை எந்த ஊர்க் கல்வெட்டில் உள்ளது என்பது. அந்நேரம் பார்த்து ஒரு வண்டியும் வரவில்லை.

இன்னும் சீட்டு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உத்திரமேரூரில் அந்தப் பையன் தந்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். தாம் படித்தபின் அங்கிருந்த அர்ச்சகர்கள் எல்லோரும் படிக்கத் தர வேண்டும். விரலை விரியுங்கள். சீட்டைக் கடைசி பெஞ்ச் வரைக்கும் அனுப்புங்கள்.