ஓசிக் கிரேடரை ஓட வைப்பது எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் கிரேடர் வாங்கக் கூடாது. வாங்கினால் பொதுக்குழுவில் கணக்குக் கேட்பார்கள். ஓசியில் வந்த கிரேடருக்கு எவ்வளவு கொட்டினாலும் அது சங்கத்துக்கு மிச்சம் பிடித்த செலவு. நோட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.

நீங்கள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், மக்காச்சோளத்தையும் சோயாவையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு கவுண்டியில் டிராக்டர் இழுவைச் சங்கத்தின் செயலாளர் என்று வைத்துக்கொள்வோம். இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு: களிமண்ணைக் கெட்டித்துப் போட்ட 300 அடித் தடம். டிராக்டருக்குப் பின்னால் ஸ்லெட் என்று ஒரு இரும்பு வண்டியை மாட்டுவார்கள். அது நகர நகர, அதன் மேலுள்ள எடைப்பெட்டி பின்சக்கரங்களின் மேலிருந்து முன்பக்கம் ஊர்ந்து வரும். முன்னால் இருக்கும் தட்டையான அடிப்பலகை மண்ணில் அழுந்திக்கொண்டே போகும். ஆக, போகப் போகச் சுமை கூடும். டிராக்டர் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் டேப் பிடிப்பார்கள். 300 அடியையும் தாண்டிவிட்டால் ‘ஃபுல் புல்’, கொட்டகை அதிரும். இதே ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் 1967 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. விதிகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 1969-இல் தேசிய சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. சின்ன ஊர்ச் சங்கங்கள் கோழி வறுத்து விற்று, நுழைவுச்சீட்டு கிழித்து, குலுக்கல் நடத்திக் காலம் தள்ளுகின்றன.

ஒரு டிராக்டர் இழுத்து முடித்ததும் தடத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அடுத்தவர் வருவதற்குள் அவற்றை நிரவி, ரோலர் ஓட்டி, பழையபடி ஆக்கியாக வேண்டும். முதல் ஆளுக்கு ஒரு தடம், கடைசி ஆளுக்கு வேறொரு தடம் என்றானால் அன்றைய பரிசுக்கு மரியாதை கிடையாது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் பாதி வெற்றி மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

அந்த நிரவுகிற வேலைக்குத்தான் கிரேடர்: நடுவில் பிளேடு தொங்கும் நீண்ட வண்டி. அது வாடகைக்கும் கிடைக்கும். ஏசி வைத்த கேபின், ஓட்டுநர், டீசல் எல்லாம் சேர்த்து ஒரு சனிக்கிழமைக்கு என்ன ஆகும் என்று விசாரித்து வையுங்கள். ஆனால் அந்தத் தொகையை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இனி, வண்டியைத் தேடுவது. பழைய கிரேடர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு தானியக் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கும். டவுன்ஷிப்காரர்கள் ஏலத்தில் விட்டதை எவரோ எடுத்து, “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நிறுத்தியிருப்பார்கள். அந்த அடுத்த வருஷம் வராமலேயே சேஸிஸுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மல்பெரி மரம் வளர்ந்திருக்கும். மரத்தின் தடிமன் நல்ல தகவல்: எத்தனை காலமாக அங்கே கிடக்கிறது என்பதில் சொந்தக்காரரை விட மரம் நேர்மையாகப் பேசும்.

ஊர்ப்பற்று உள்ளவர்கள் கேலியன் கிரேடர்தான் வேண்டும் என்பார்கள், ஏனென்றால் அது ஒஹாயோவின் கேலியன் ஊரிலேயே செய்த சரக்கு. அந்தக் கம்பெனி 1929-இல் ஜெஃப்ரியிடம் போய், 1974-இல் டிரெஸ்ஸரிடம் போய், பிறகு கோமாட்ஸு வரை கை மாறியது. உதிரி பாகம் கேட்டு நீங்கள் ஃபோன் செய்தால் உங்கள் அழைப்பும் அதே வரிசையில் கை மாறும். இண்டியானாபொலிஸின் ஆடம்ஸ் என்றால் வரலாற்றுப் பெருமை அடித்துக்கொள்ளலாம்: சாய்கிற சக்கரம் வைத்த கிரேடரை 1885-லேயே கொண்டுவந்தவர் ஜே. டி. ஆடம்ஸ். ஆனால் ஓசிக்கு வரும் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்க முடியாது. உங்களுக்குக் கிடைக்கப்போவது 1938-இல் அறிமுகமான காட்டர்பில்லர் நம்பர் 12 ஆகத்தான் இருக்கும். அவ்வளவு நம்பர் 12 அந்த நாட்டு மண் சாலைகளைச் சீவியிருக்கிறது. 12 அடி பிளேடு, பத்து டன்னை ஒட்டிய எடை.

அந்தப் பத்து டன்னைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது லோபெட் டிரெய்லர்காரருக்குத் தமிழ் தெரியாமலேயே தெரியும். டயரில் காற்று இருக்காது, பிரேக் இருக்காது, ஸ்டியரிங் ஒரு பக்கம்தான் திரும்பும். வின்ச் போட்டு ஏற்றும்போது உறுப்பினர்கள் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். அத்தனை பேரையும் காட்ட விடுங்கள். டிரெய்லர்காரர் யாரையும் பார்க்க மாட்டார்.

எஞ்சின் இறுகியிருக்கும். காரணம் மிகச் சிறியது: நிறுத்திய அன்று புகைக்குழாய் வாயில் ஒரு காப்பி டப்பாவைக் கவிழ்க்க மறந்திருக்கிறார்கள். அதன் வழியே மழை இறங்கி, திறந்திருந்த வால்வைக் கண்டுபிடித்து, சிலிண்டருக்குள் குடியேறி, பிஸ்டனையும் லைனரையும் துருவால் கட்டிப்போட்டுவிட்டது. வைத்தியம் ஊரறிந்தது. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சமபங்கு கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மருந்து இதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. காத்திருக்க வேண்டிய காலத்தில்தான் சண்டை. பொறுமையில்லாதவர் ஒருவர் ஃபிளைவீலில் நெம்புகோல் போடுவார், பொறுமையுள்ளவர்கள் சுற்றி நின்று “வேண்டாம்” என்பார்கள். இப்படியே வியாழக்கிழமை மாலைகள் போகும். இந்தக் கட்டத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். பெரும்பாலான உறுப்பினர்களுக்கு வியாழக்கிழமை போவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டதால்தான் கிரேடரே வந்தது. தடம் ஒரு சாக்கு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டில் நாலு மாதமாகச் சொல்லியும் அசையாத மனிதர், இங்கே சேற்றில் மல்லாந்து படுத்து ஒரு ஆயில் சீலைக் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எஞ்சின் கழன்று சுற்ற ஆரம்பித்தால் ஸ்டார்ட் செய்யும் சடங்கு. பழைய நம்பர் 12-இன் டீசல் எஞ்சினை பேட்டரியால் எழுப்ப முடியாது. அதன் பக்கத்திலேயே ‘போனி’ என்று ஒரு குட்டி இரட்டை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பெரியவரை எழுப்பச் சின்னவரை முதலில் எழுப்ப வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறங்கள், சோக்கை இழுங்கள், கிராங்கைச் சுழற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். சுற்றிப் பிடித்தால் கிராங்க் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். போனி படபடவென்று பிடித்ததும் அதை அப்படியே ஓட விடுங்கள். இரண்டுக்கும் குளிர்நீர் ஒன்றுதான் என்பதால் போனியின் சூடு பெரிய எஞ்சினுக்கும் ஏறும். பிறகு கம்ப்ரஷனை விடுவிக்கும் லீவரைத் தள்ளி வைத்துக்கொண்டு, கிளட்சைப் போட்டு, டீசலை வெறுமனே சுற்ற விடுங்கள். ஆயில் பிரஷர் முள் மெதுவாக எழுந்திருக்கும். அது எழுந்த பிறகுதான் கம்ப்ரஷனைத் திரும்பக் கொடுத்து, டீசலைத் திறக்க வேண்டும். ஒரு வெள்ளைப் புகை, ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் கொட்டகைத் தகரம் முழுக்கத் தடதடக்கும். எல்லாரும் ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொள்வார்கள். அந்தக் குஷியில் போனியின் பெட்ரோல் குழாயை மூட மறக்காதீர்கள். குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை அதை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை கார்புரேட்டரில் பெட்ரோலுக்குப் பதில் பிசின்தான் இருக்கும்.

டயர் விஷயத்தில் மட்டும் கிண்டல் கிடையாது. பழைய கிரேடர் ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்துவது தனியாகப் பொருத்திய ஒரு லாக் ரிங். துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது குண்டாகப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளிலேயே இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, நீளமான ஹோஸில் கவ்விப் பிடிக்கும் சக் மாட்டி, எட்டி நின்று காற்றடிக்கும் டயர் கடைக்கு எடுத்துப் போங்கள். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரைப் பொருளாளர் ஆக்காதீர்கள்.

மறுபடி கிண்டலுக்கு வருவோம். பெயிண்ட். எஞ்சின் ஓடுவதற்கு முன்பே இந்த விவாதம் தொடங்கியிருக்கும். காட்டர்பில்லர் வண்டிகள் ஆரம்பத்தில் சாம்பல் நிறம். 1931 டிசம்பரில்தான் ‘ஹை-வே எல்லோ’ என்ற மஞ்சளுக்கு மாறின. இன்று நாம் பார்க்கும் ‘காட்டர்பில்லர் எல்லோ’ 1979-இல் வந்தது. ஆகவே உங்கள் வண்டிக்குப் பழைய மஞ்சளா, புது மஞ்சளா என்று ஒரு கமிட்டி போடலாம். பத்தடி தள்ளி நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்பவர் கமிட்டியில் ஒருவர்தான் இருப்பார், அவரைத் தலைவராக்குங்கள்.

இதற்கிடையில் கிரேடர் எதற்காக இருக்கிறது என்பதை யாராவது நினைவுபடுத்தினால் நல்லது. அந்த நீண்ட உடம்பு அழகுக்காக இல்லை. முன்சக்கரம் ஒன்று இரண்டு அங்குல மேட்டில் ஏறினால் அச்சின் நடுப்பகுதி ஓர் அங்குலம்தான் உயரும். பிளேடு முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் தொங்குவதால் அது சுமார் அரை அங்குலம் உயர்ந்து நின்றுவிடும். மேட்டைப் பார்த்ததும் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிச் சீவிக்கொண்டு போவதுதான் இந்த வண்டியின் மூளை. ஆனால் பிளேடைத் தாங்கும் வட்டத்திலும், இழுதண்டின் உருண்டை மூட்டிலும், கிங்பின்னிலும் ஆட்டம் இருந்தால் இந்தக் கணக்கு செத்தது. பிளேடு மண்ணில் அதிர்ந்து அதிர்ந்து, தடம் முழுக்க அலை அலையாக வரி விழும். பெயிண்டுக்கு எடுத்து வைத்த பணத்தை புஷ்ஷுக்கும் ஷிம்முக்கும் போடுங்கள் என்று நான் சொல்வேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

அப்புறம் ஓட்டுநர். கிரேடர் ஓட்டத் தெரியும் என்று கை தூக்குபவர் யாருக்கும் தெரியாது. கவுண்டி சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்காவது இருப்பார். அவர் வீட்டுக்கே போய் அழையுங்கள். அவர் வந்ததும் எஞ்சினைப் பார்க்க மாட்டார், பெயிண்டைப் பார்க்க மாட்டார். நேரே குனிந்து பிளேடின் முன்முகத்தை விரலால் தடவுவார். வெட்டுவிளிம்பைப் பொருத்த நீங்கள் கடையில் வாங்கிய சாதாரண ஆறுமுக போல்ட்டின் தலைகள் வரிசையாக விரலில் இடறும். அங்கே போட வேண்டியது பிளவ் போல்ட்: தலை இரும்புக்குள் அமுங்கி, முகம் மழமழவென்று இருக்கும், நட்டு பின்னால் போகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தலையிலும் களிமண் பிடித்து அந்த இடத்திலெல்லாம் தடத்தில் கோடு இழுக்கும். அவர் இதை எதையும் விளக்க மாட்டார். “யார் மாட்டினது?” என்று மட்டும் கேட்பார். யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

நம்பர் 12-இல் பிளேடை ஏற்றி இறக்குவது ஹைட்ராலிக் இல்லை. எஞ்சினிலிருந்து சுழன்று வரும் தண்டில் பல் கிளட்சுகள். ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக நிற்கும் லீவர்களைத் தட்டினால் கவ்வும், பிளேடு கல்லில் மோதினால் லீவர் மணிக்கட்டில் திருப்பி அறையும். பெரியவர் நின்றுகொண்டே ஓட்டுவார், லீவரை உள்ளங்கையால் தட்டுவார், பிடிக்க மாட்டார். இளைஞர்களை அருகில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அவர் வராமல் போகலாம்.

போட்டியன்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்: இந்தக் கிரேடரையே ஸ்லெட்டில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் என்ன? விதி இடம் தராது. புரோ ஸ்டாக் என்ற டிராக்டர் வகுப்பின் எடை வரம்பே 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். உங்கள் வண்டி அதைப் போல் இரு மடங்கு. இதை ஒலிபெருக்கியில் மரியாதையாக அறிவித்துவிடுங்கள்.

வானம் கறுத்தால் செய்ய வேண்டியது வேறு. மழை வருமுன் ரோலரால் தடத்தை அழுத்தி மூடி, நடுவைச் சற்று உயர்த்திவிட்டால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிடும். கிரேடரை அதற்குள் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். கொண்டுவர மாட்டீர்கள். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று பெரியவர் திரும்புவார், மழை பிடித்துக்கொள்ளும், நூறடிக் கோட்டுக்குப் பக்கத்தில் பத்து டன்னும் அச்சு வரை இறங்கும். அப்போது ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டுக் காசை வீணாக்காதீர்கள். மைதானத்தில் இருப்பது முழுக்க இழுக்கப் பிறந்த டிராக்டர்கள். ஒவ்வொருவரும் தன் வண்டிதான் முதலில் என்பார். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை வையுங்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பவர்களை உட்காரச் சொல்லுங்கள், எலுமிச்சை ஜூஸ் கடையை மூட விடாதீர்கள். சங்கிலியைப் பின்பக்கச் சட்டத்தில் மட்டும் மாட்டுங்கள். முன் அச்சில் மாட்டினால் அச்சு தனியாக ஃபுல் புல் போய்விடும்.