கண்கட்டை அவிழ்த்தாயிற்று

2024 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றத்தின் மாபெரும் சீர்திருத்தம் ஒன்று செய்தியானது. நிலுவை குறைந்துவிட்டதா என்று அவசரப்படாதீர்கள். நீதிபதிகளின் நூலகத்தில் புது நீதிதேவதை வந்திருக்கிறாள். உடுத்தியிருப்பது புடவை. கையில் வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டம். முக்கியமாக, கண்ணில் துணி இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன கண்கட்டை அவிழ்த்துவிட்டோம் என்று பூரித்தவர்கள் பலர்.

அந்தத் துணிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1494இல் பாசல் நகரில் செபாஸ்டியன் பிராண்ட் வெளியிட்ட 'முட்டாள்களின் கப்பல்' என்ற நையாண்டி நூலில், கோமாளித் தொப்பிக்காரன் ஒருவன் பின்னால் நின்று தேவதையின் கண்ணைக் கட்டுகிறான். நீதிமன்றங்களைப் பழித்து வெட்டிய மரச்செதுக்குப் படம் அது. அடுத்த நூற்றாண்டிலேயே அந்தத் துணி 'பாரபட்சமின்மை' ஆகிவிட்டது. வசவைப் பொன்னாடையாகப் போர்த்திக்கொள்வதில் ஐரோப்பியர் நமக்கு முன்னோடிகள்.

நேர்மை என்றால் பாபிலோன் மன்னன் ஹமுராபிதான். கண்ணுக்குக் கண் என்றான், ஆனால் சமமானவர்களுக்குள் மட்டும். சாமானியன் கண் போனால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி, அதுவும் உடையவனுக்கு. விலைப்பட்டியலைக் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்க நிறுத்தினான். நாமோ சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 14ஆவது பிரிவில் எழுதிவிட்டு, விலைப்பட்டியலை ஒளித்து வைத்திருக்கிறோம்.

சீனப் புராணத்தில் ஒற்றைக் கொம்பு விலங்கு ஒன்று, குற்றவாளியைத் தானே கண்டுபிடித்து முட்டும். இங்கே விட்டிருந்தால் முதல் நாளே யாரை முட்டியிருக்குமோ! அடுத்த நாள் அதன் மேல்தான் வழக்கு.

நமக்கென்ன குறை? மனுநீதிச் சோழன் இருக்கிறான். கன்றை இழந்த பசு மணியடித்தது. அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். அந்தப் பசுவிடம் யாரும் வக்காலத்துக் கேட்கவில்லை, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லவில்லை, வாய்தா கொடுக்கவில்லை. அவனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்தோம். மணியை மட்டும் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

பத்துக் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி துன்பப்படக் கூடாது என்றார் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன். நம் சினிமா வக்கீல்கள் தாராளமாக அதை ஆயிரமாக்கினார்கள். நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் உள்ளே. வசனத்துக்குக் கைதட்டியவர்கள் வெளியே.

அப்படி உள்ளே இருந்தவர்களில் ஒருவர், திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபரில் ஊபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதாகும்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. தண்ணீர் குடிக்கத் தன் உறிஞ்சுகுழலையும் மூடிபோட்ட குவளையையும் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. கிடைத்தது. அவகாசம் முடிந்ததும், அவர் குழல் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

இளநீர்க் கடையில் காசில்லாமல் கிடைக்கும் குழல் அது. எந்த நாட்டு நீதி நூலைப் புரட்டினால் இதற்கு ஒப்புமை கிடைக்கும்? ஹமுராபியே அடிமையின் கண்ணுக்கு ஒரு விலை வைத்தானே, ஐயா! கிழவனின் தாகத்துக்கு நாம் வைத்தது வாய்தா.

தேவதையின் கண்ணை இப்போது திறந்துவிட்டோம், சரி. 2020இல் அந்த நடுங்கும் கையைப் பார்த்தவர்கள் யார் கண்ணிலும் துணி இல்லை.

2021 ஜூலை 5 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. மனுதாரர் இறந்துவிட்டார் என்று அப்போது நீதிபதிகளிடம் சொன்னார்கள்.