சந்தனப் பொட்டு வைத்த பட்டன்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கே இரவு அரவணை முடிந்ததும் நடை சாத்திவிடுகிறார்கள். அதே ஊரில் ஓர் அரசு அலுவலக மானிட்டருக்கு மட்டும் ராத்திரி என்பதே கிடையாது. ஆறு மணிக்குப் பூட்டிய கட்டடத்தின் ஜன்னலில் எட்டிப் பார்த்தால், நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உலாத்திக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் எதிர்ச்சுவர் போஸ்டரைப் படிக்க முடிகிறது: 'மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்.' டிசம்பரில் வரும் மின்சிக்கன வாரத்துக்கு ஒட்டியது. கிழிக்கவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

ஒருநாள் உள்ளே போய் ஓர் ஊழியரிடம் கேட்டேன்.

"ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் சார் போறோம். அது பாட்டுக்கு எரியும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஷட்டவுன் கொடுத்தால் அணைவது சிபியு மட்டும். மானிட்டருக்குத் தனி வயர், தனி பட்டன். சிக்னல் நின்ற சில விநாடிகளில் அது தானாக அடங்கி, ஓரத்துச் சின்ன விளக்கு மட்டும் மினுங்க வேண்டும். இது ஒன்றும் நேற்றைய அதிசயமல்ல. 1992-ல் அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் முத்திரையைத் தொடங்கியபோது, முதலில் அதன் கீழ் வந்தவையே கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். அடங்கவில்லையென்றால் சிபியு நிஜமாகவே அணைந்ததா, விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கலாம். மானிட்டர் மெனுவுக்குள் பவர் சேவிங்கை யாராவது ஆஃப் செய்திருக்கலாம். கேபிள் முனை கழன்றிருந்தாலும் சில மானிட்டர்கள் தூங்காமல் தேடிக்கொண்டே கிடக்கும். ஒன்றுமே புரியவில்லையா, பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

குனிந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் சரியாக அந்தப் பட்டன் மேலேயே காய்ந்து, நடுவில் குங்குமத்தோடு பொருக்குத் தட்டிப்போயிருந்தது. வருஷா வருஷம் பூஜை நடக்கிறது, பட்டனைத்தான் யாரும் தொட்டதில்லை.

"இதை அழுத்தினா போதுமே?"

"நாங்க கை வைக்கக் கூடாது சார். கம்ப்யூட்டர் ஒரு துறை வாங்கிக் கொடுத்தது. ப்ளக் பாயின்ட் இன்னொரு துறை. யுபிஎஸ்ஸுக்குப் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவன் சென்னையில இருக்கான், அதுவும் முடிஞ்சுபோச்சு. நீங்க வேணா ஒரு மனு எழுதிக் கொடுங்க."

ஒரு பட்டனை அழுத்த மூன்று துறை வேண்டுமாம். எரிய விடுவதற்கு மட்டும் யார் கையெழுத்தும் வேண்டாம்.

கணக்குப் போடுவோம். திரை விளக்கு எரியும் சாதாரண மானிட்டர் 20 வாட் இழுக்கும் என்று வையுங்கள். ராத்திரிக்கு 15 மணி நேரம் என்றால் 0.3 யூனிட். லீவு நாளின் பகலை விட்டுவிட்டாலும் வருஷத்துக்கு 110 யூனிட்டைத் தொடும். 2016-ல் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இனாமாகத் தந்தது 100 யூனிட்! அதைத் தந்ததற்கு எத்தனை மேடை, எத்தனை சால்வை. அடுத்த மேஜையிலும் ஒன்று எரிகிறதே, அது யார் வீட்டுப் பங்கு?

2012-ஐ இந்த ஊர் மறந்திருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு; மாவட்டங்களுக்கு அரை நாள் இருட்டு. பிள்ளைகள் மெழுகுவத்தியில் பொதுத்தேர்வுக்குப் படித்தார்கள். இன்றைக்கும் கரன்ட் பில்லுக்குக் கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்துவிடுகிறது. மழையோ வெயிலோ, ஏணியோடு வருகிறது. பிடுங்குவதற்கு ஒரு கை நீளுகிறது, அழுத்துவதற்கு ஒரு விரல் வரவில்லை. அந்த விரலுக்கும் சேர்த்துத்தான் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிறோம்.

மனு எழுதிக் கொடுத்தேன். 'அலுவலக நேரத்துக்குப் பின் வெளிச்சம் தெரிகிறது' என்று ஒரே வரி.

நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். ஜன்னலுக்குக் கெட்டியான பச்சைத் திரைச்சீலை. கம்பி, வளையம் எல்லாம் புதுசு. அதை மாட்ட எந்தத் துறையின் அனுமதியும் தேவைப்படவில்லை.