ஐந்து உயிர், ஒரு ஷிஃப்ட்

கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூரைத் தாண்டி சிக்னலுக்காக நிற்கிறது. சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள்; மீதிப் பேர் மிட்டாய் உடைக்கிறார்கள்.

கேண்டி க்ரஷ் என்ற இந்த போன் விளையாட்டு 2012இல் வந்தது. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் உடையும். நான்கைச் சேர்த்தால் கோடு போட்ட மிட்டாய். அது வெடித்தால் ஒரு வரிசையே காலி. உடனே போனுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று "ஸ்வீட்!" என்று மெச்சும். எந்த சூப்பர்வைசரும் இதுவரை அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஆனால் தாராளம் ஐந்து உயிர் வரைதான். போன உயிர் திரும்ப அரை மணி நேரம்; ஐந்தும் போனால் இரண்டரை மணி. அவசரமென்றால் காசு கட்டலாம், அல்லது நண்பர்களிடம் கேட்கலாம். கைமாற்றுக்கே போன் எடுக்காத நண்பனிடம் உயிர் கேட்பது எப்படி?

முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் லெவல்கள் இருக்கின்றன, வாராவாரம் புதிதாகவும் சேர்கின்றன. பொன்னேரியில் ஒரு லெவல் தாண்டினால் கவரைப்பேட்டையில் அடுத்தது மாட்டும்.

இந்த "இலவச" விளையாட்டை நடத்தும் கிங் நிறுவனத்தை 2016இல் ஆக்டிவிஷன் ப்ளிசார்ட் 590 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 முதல் மிட்டாய்க் கடை மைக்ரோசாஃப்ட் வசம்.