128 பைட் மிராசுதார்

அமெரிக்காவின் ஏதோ ஒரு நடுத்தர ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சத்தமில்லாமல் எழுந்து கார் ஷெட்டுக்குப் போகிறார். குடிக்கப் போகவில்லை. குடியாக இருந்தால் வீட்டில் நாலு வார்த்தை கேட்டு எப்போதோ திருத்தியிருப்பார்கள். இவர் போவது, 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 என்ற வீடியோ கேம் பெட்டியில், 1981-இல் வெளிவந்த கலாகாவை ஓட வைக்க.

கலாகா தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஜப்பானின் நாம்கோ செய்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின். கீழே நம் விண்கலம், மேலே தேனீயும் பட்டாம்பூச்சியும் வேறு சிலவுமாக 40 எதிரிகள். அவை வளைந்து வளைந்து இறங்கும். நாம் சுட வேண்டும். இந்த விளையாட்டு இன்று உங்கள் செல்போனில் அச்சு அசலாக ஓடும். அட்டாரி 2600-க்குப் பின்னால் வந்த 7800-இல் 1980-களிலேயே ஓடியது. இதை அந்த மனிதரிடம் சொல்லிப் பாருங்கள். கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஓடுவது பெரிய விஷயமா? ஓடவே முடியாத இடத்தில் ஓட வைப்பதல்லவா விஷயம்!

இவர் ஒருவர் மட்டுமென்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில், கனடாவில், பிரிட்டனில் என்று இதே அச்சில் வார்த்த ஆட்கள் பரவியிருக்கிறார்கள். பகலில் வங்கிக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ மென்பொருள் எழுதுவார்கள். அங்கே 16 ஜிபி மெமரி போதவில்லை, வேலை ஓடமாட்டேன் என்கிறது என்று மேலதிகாரியிடம் முறையிடுவார்கள். ராத்திரி ஆனால் அதே ஆள் 128 பைட்டில் குடும்பம் நடத்துவார்.

அட்டாரி 2600-இன் மொத்த மெமரி அவ்வளவுதான்: 128 பைட். கிலோ இல்லை, மெகா இல்லை, வெறும் பைட். கணினியில் தமிழ் எழுதும்போது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் போகிறது. புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக மும்மூன்று. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த வாக்கியமே உள்ளே அடங்காமல் பாதி வெளியே நிற்கும். அந்த இடத்தில்தான் கலத்தின் இருப்பிடம், 40 எதிரிகளில் யார் உயிரோடு, யார் காலி, பாயும் குண்டுகள், ஸ்கோர், மீதி உயிர்கள் எல்லாம் குடியிருக்க வேண்டும்.

நம் மனிதர் இதைத் தஞ்சாவூர் மிராசுதார் தன் நிலத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். எந்தப் பைட்டில் யார் பயிர் வைத்திருக்கிறார்கள் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரே பைட்டை எட்டாகப் பிரித்து, மூன்று பிட்டை உயிர்க் கணக்குக்கும் நான்கைத் தாக்குதல் வரிசைக்கும் விட்டு, மிஞ்சிய ஒற்றைப் பிட்டைச் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குக் குத்தகைக்குக் கொடுத்திருப்பார். அவருடைய பங்காளி ஸ்டாக். ஒரு துணைநிரலைக் கூப்பிட்டால், திரும்பி வர வேண்டிய முகவரியை ப்ராசஸர் குறித்துவைக்கும் இடம் அது. அதற்கென்று தனி இடமில்லை. இதே 128 பைட்டின் கடைக்கோடியில் தொடங்கி, ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் இரண்டிரண்டு பைட்டாக உள்ளே இறங்கும். ஒரு கூப்பிடுதல் அதிகமானால் வரப்பு தாண்டிவிடும். அன்றைக்குத் திரையில் தேனீ பறக்க வேண்டிய இடத்தில் ஸ்கோரில் பாதி பறக்கும். மனிதர் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

எதற்கு இந்தப் பாடு? நோயின் மூலம் 1982-இல் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது பத்தோ பதினொன்றோ. பீட்சா கடையிலும் பௌலிங் கூடத்திலும் அட்டாரிக்குப் போட்டியாளரான வில்லியம்ஸ் கம்பெனியின் டிஃபெண்டர் மெஷின் உறுமிக்கொண்டு நிற்கும். யூஜீன் ஜார்விஸ் உருவாக்கிய அந்த விளையாட்டுக்கு இருக்கும் பொத்தான்களை எண்ணி முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பான். கையிலிருந்த சில்லறையெல்லாம் அதற்குள் போயிற்று. அந்த வருடம் வீட்டுப் பெட்டிக்கு டிஃபெண்டர் வருகிறது என்றார்கள். அட்டைப்பெட்டியில் தீப்பிழம்பும் விண்கலமுமாக எண்ணெய் வண்ண ஓவியம் போன்ற படம். நச்சரித்து வாங்கி, சொருகி, பொத்தானை அமுக்கினால், சுடுகிற கணத்தில் அவருடைய கலமே காணாமல் போயிற்று. அந்தப் பதிப்பு அப்படித்தான். கலத்தையும் குண்டையும் ஒன்றாகக் காட்ட வன்பொருளில் இடம் போதாததால், சுடும்போது கலத்தை மறைத்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் இரண்டு நாள் அழுதுவிட்டு சைக்கிள் ஓட்டப் போனார்கள். இவர் போகவில்லை. நாற்பது வருடமாக அந்தக் கணக்கு திறந்தே கிடக்கிறது.

அந்தக் காலத்து நிரலாளர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பெட்டியில் படத்தை வரைந்து வைத்துக்கொள்ள இடமே கிடையாது. பிக்சர் டியூப் டிவியில் எலெக்ட்ரான் கற்றை 262 கோடுகளை மேலிருந்து கீழாக, வினாடிக்கு 60 தடவை இழுத்துக்கொண்டே போகும். ஒரு தடவை இழுத்து முடித்தால் ஒரு சட்டகம். ஒவ்வொரு கோட்டிலும் எந்த இடத்தில் என்ன நிறம் என்று, கற்றை அந்த இடத்துக்கு வருவதற்குச் சற்று முன்பு நிரல் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் ப்ராசஸரின் 76 துடிப்பு. மிகச் சின்னக் கட்டளைக்கே இரண்டு துடிப்பு போய்விடும். மனிதர் இந்த 76-ஐப் பற்றிப் பேசும்போது குரல் தழதழக்கும். தன் கல்யாண நாளைச் சொல்லும்போது அப்படித் தழதழத்ததில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

அதோடு, அசையும் உருவம் என்று வன்பொருள் தருவது இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் எட்டுப் பிக்சல் அகலம். ஒன்றை மூன்று பிரதியாகக் காட்டலாம் என்று சலுகை உண்டு. இரண்டு மும்மூன்று, ஆறு. 1980-இல் ரிக் மாரர் ஸ்பேஸ் இன்வேடர்ஸை இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது ஒரு வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை என்று 36 எதிரிகளோடு நிறுத்திக்கொண்டார். ஆர்கேட் மெஷினில் 55. ஒருவரும் எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வரவில்லை. பெட்டி அமோகமாக விற்றது. நியாயமான சமரசம் என்று நானும் நீங்களும் சொல்வோம். நம் மனிதர் எண்ணினார். கலாகாவில் தேனீ ஒரு வரிசைக்குப் பத்து. பத்தென்றால் பத்துதான்.

ஆறு நிற்கும் இடத்தில் பத்தை நிறுத்தும் வழி மினுக்கல். இந்தச் சட்டகத்தில் பாதிப் பேர், அடுத்ததில் மீதிப் பேர். பழைய டியூப் டிவியில் ஒளி சற்றே தங்கி நிற்பதால் கண் ஓரளவு ஏமாறும். புது டிவியில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே, தெருவோரத்தில் யாரோ இலவசம் என்று எழுதி வைத்த, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய டியூப் டிவி கார் ஷெட்டுக்கு வந்தது. கார் வெளியே போனது. பல மாத உழைப்புக்குப் பிறகு ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்ப என்ன மாறியிருக்கு?"

"முன்னாடி வினாடிக்கு 20 தடவை மினுக்குச்சு. இப்ப 30 தடவை."

"அப்ப இன்னும் மினுக்குது."

அன்றைக்குப் பிறகு அவர் அறிவியல் விஷயங்களை வீட்டில் விவாதிப்பதில்லை.

சங்கீதத்தைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நல்லது. ஒலிக்கான சிப்பில் சுருதியைத் தேர்ந்தெடுக்க 32 படிகள்தாம். அவையும் சரளி வரிசைக்கு ஒத்துவராத படிகள். கலாகாவின் தொடக்க இசை அதில் வரும்போது, தெரிந்த பாட்டைத் தெரியாத ஆள் சீட்டியடிப்பது மாதிரிதான் இருக்கும். அதற்கும் இரண்டு மாதம் செலவிட்டார்.

பிறகு ஒருநாள் அவர் மனத்தில் ஆர்ம் சிப் ஆசை புகுந்தது. இந்தக் காலத்தில் பெட்டியில் சொருகும் ஹார்மனி என்ற கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே 70 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம் ப்ராசஸர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெட்டியின் சொந்த ப்ராசஸருடைய வேகம் 1.19 மெகாஹெர்ட்ஸ். கணக்கெல்லாம் கார்ட்ரிட்ஜ் போடும். பெட்டி வரைந்தால் போதும். கூடவே 8 கிலோபைட் மெமரி. 128 பைட்டில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரே இரவில் அறுபத்து நான்கு மடங்கு நிலம்! மனிதருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. சந்தோஷத்தில் அல்ல, குற்ற உணர்ச்சியில். இந்தக் கூட்டத்தில் மடி ஆசாரக்காரர்கள் உண்டு. நாலு கிலோபைட் கார்ட்ரிட்ஜ், கூடுதல் சிப் எதுவும் கூடாது, மற்றதெல்லாம் தீட்டு என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சியின் சாஸ்திர ஆதாரம் 1984-ஆம் ஆண்டுப் பிட்ஃபால் 2 என்ற விளையாட்டு: டேவிட் கிரேன் அப்போதே கார்ட்ரிட்ஜுக்குள் தனி சிப் வைக்கவில்லையா? வைத்தார். ஆனால் அது ப்ராசஸர் இல்லையே என்பார்கள் முதல் கட்சியினர். இந்த வாதம் வடகலை தென்கலை வழக்கைவிட நீளமாகப் போகக்கூடியது. நாம் இதில் தலையிட வேண்டாம். நம் மனிதர் ஆர்ம் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பதும், நாலு பேர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதும் போதும்.

வேகம் வந்ததும் புதுத் தொல்லை வந்தது. அதுவரை முடியாததோடு மல்லுக்கட்டியவர், இனிமேல் சரியாக இருப்பதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழைய விளையாட்டுகளின் ருசி பாதி அவற்றின் இயலாமையில் இருக்கிறது. 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸைச் செய்தபோது, ஒரு சட்டகத்துக்கு ஒரு எதிரியை நகர்த்தத்தான் அவருடைய மெஷினுக்குத் தெம்பிருந்தது. 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய 55 சட்டகம். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் சுற்று பாதி நேரத்தில் முடியும். கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். நெஞ்சு படபடக்கும் அந்த வேகம் மெஷினின் களைப்பில் பிறந்தது. இன்றைய சிப்புக்கு அந்தக் களைப்பு கிடையாது. ஆகவே இவர்கள் உட்கார்ந்து, பழைய மெஷினுக்கு எங்கெங்கே மூச்சு வாங்கியது என்று அளந்து, அங்கங்கே புது சிப்பை வேண்டுமென்றே தாமதிக்க வைக்கிறார்கள்.

அளப்பதற்கென்று ஒரு பரிசோதகர் இருக்கிறார். இவரும் இந்த வகையின் உட்பிரிவுதான்; நிரல் எழுதத் தெரியாது, நிம்மதி கெடுக்கத் தெரியும். இவர் வீட்டில் அசல் கலாகா மெஷின் நிற்கிறது. அதையும் நம் மனிதரின் ஆக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம்பிடித்து, சட்டகம் சட்டகமாகப் பார்த்து அறிக்கை அனுப்புவார். மூன்றாவது கட்டத்தில் தேனீ இரண்டு பிக்சல் முன்னதாகத் திரும்புகிறது. பட்டாம்பூச்சியின் சிவப்பு அசலைவிடச் சற்றுச் சோகமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோளாறு எங்கே?

அசல் கலாகாவில் பேர்போன ஒரு கோளாறு உண்டு. முதல் கட்டத்தில் எல்லோரையும் சுட்டுவிட்டு, கீழே இடது ஓரத்துத் தேனீக்கள் இரண்டை மட்டும் கொல்லாமல், அவற்றின் குண்டுக்குத் தப்பித்துக்கொண்டே ஏறக்குறைய கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால், அவை சுடுவதை நிறுத்திவிடும். அதற்கப்புறம் எந்தக் கட்டத்திலும் எந்த எதிரியும் சுடாது. 1981-இல் யாரோ கவனிக்காமல் விட்ட பிழை. நம் மனிதரின் நிரலில் அந்தப் பிழை இல்லை. சரியாக எழுதித் தொலைத்துவிட்டார். பிழையை உள்ளே வைக்க மூன்று வாரம் பிடித்தது. வைத்த பிறகு அதில் ஒரு பிழை இருந்தது. பத்தாவது நிமிடத்திலேயே தேனீக்கள் அடங்கிவிட்டன. அதையும் திருத்தினார்.

பெயர் வைப்பது அடுத்த கட்டம். அசல் பெயர் இன்னொருவர் சொத்து. கலாகாவின் ஒரு 2600 ஆக்கத்துக்கு கலாகான் என்று பெயர், பாஸ்கோனியன் என்ற இன்னோர் ஆர்கேட் விளையாட்டினுடையதற்கு டிரேக்கோனியன். நம் மனிதரும் அதேபோல் எழுத்தை மாற்றி ஞானஸ்நானம் செய்தார். பிறகு அட்டைப்பெட்டி, 1981-ஆம் வருட நடையிலேயே எழுதிய கையேடு, தீப்பிழம்பு ஓவியம். ஓவியத்தில் மட்டும் சிக்கனம் கிடையாது. அதற்கும் திரையில் தெரிவதற்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது மரபு, மரபை மீறக்கூடாது.

இவற்றையெல்லாம் விற்கக் கண்காட்சிகள் இருக்கின்றன. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் நடக்கும் ரெட்ரோ கேமிங் எக்ஸ்போ அவற்றில் பெரியது. அப்படி ஒரு கண்காட்சியில் நம் மனிதர் டியூப் டிவியோடு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தன் விளையாட்டை அவர் நேர்வழியில் இரண்டாவது கட்டத்துக்கு மேல் ஆடியதில்லை. சாகாவரம் போட்டு ஓட்டிப் பார்த்தே பழக்கம். எனவே யாராவது ஆடக் கேட்டால் எழுந்து இடம் கொடுத்துவிடுவார்.

ஒரு சிறுமி உட்கார்ந்தாள். தகப்பனார் அதற்குள் ஒரு கார்ட்ரிட்ஜை வாங்கிப் பையில் போட்டிருந்தார். எல்லோரையும் சுட்டவள், இடது ஓரத்தில் கடைசியாக நின்ற இரண்டு தேனீக்களைச் சுட மாட்டேன் என்றாள், பாவமாக இருக்கிறதாம். தப்பித்தாள், தப்பித்தாள், தப்பித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் தேனீக்கள் சுடுவதை நிறுத்தின.

"இது கெட்டுப்போச்சு போலிருக்கே" என்றார் தகப்பனார்.

மனிதருக்கு வாய்த்த வாழ்நாள் வாய்ப்பு. எழுந்து நின்று விளக்கினார். இது கோளாறல்ல, அசலில் இருக்கும் கோளாறு. ஒரு சட்டகம் பிசகாமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறேன் என்றார்.

தகப்பனார் யோசித்தார். "1981-லேருந்து இருக்கா?"

"ஆமாம்."

"நாற்பது வருஷமா யாரும் ரிப்பேர் பண்ணலையா?"

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்த கார்ட்ரிட்ஜைப் பக்கத்தில் நின்ற பரிசோதகர் உடனே வாங்கிக்கொண்டார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஆனால் இது கோளாறென்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப்பட்ட ஒரே பிரதியாம். அட்டைப்பெட்டியின் மேல் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்.